தோளுக்கு ஏத்த தோட்டா... ஜிம் கார்பெட் உயிரைக் காப்பாத்துன சின்ன ரைஃபிள்!

துப்பாக்கி சுடுதல் போட்டியைப் பார்க்கிறப்போ நம்ம கண்ணு இலக்கு மேலதான் இருக்கும். சுடுறவரோட தோளை யாரும் கவனிக்கிறதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவில் களமிறங்கினார். அந்தப் பிரிவோட தகுதிச்சுற்றில் மட்டும் 125 தட்டுகள். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால வந்து தோளில் ஓர் உதை விடும்.

ஏற்கெனவே தோளில் அடிபட்டவங்க என்ன செய்றது? சின்ன தோட்டாவுக்கு மாறினா கெளரவக் குறைச்சலா? இந்தக் கேள்விக்கு ஜிம் கார்பெட்டோட வாழ்க்கையில் நல்ல பதில் இருக்கு.

பத்து வயசுத் தோள்

1875-ல் நைனிடாலில் பிறந்தவர் கார்பெட். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பெரிய குடும்பம், குறைஞ்ச வருமானம். அவருக்குக் கிடைச்ச முதல் துப்பாக்கியில ஒரு குழல் பிளந்திருந்தது. பித்தளைக் கம்பியைச் சுத்தித்தான் அதைச் சேர்த்துக் கட்டியிருந்தாங்க.

பள்ளிக்கூட கேடட் படையில சேர்ந்தப்போ கையில் வந்தது .450 மார்ட்டினி. கனமான ஈயக் குண்டு, வெறும் மரக்கட்டை. பெரியவங்க தோளையே பதம் பார்க்கிற துப்பாக்கி அது. பத்து வயசுப் பையன் அதை வெச்சுத்தான் குறி பார்க்கப் பழகினான்.

ரெண்டு துப்பாக்கி, ஒரு கணக்கு

வளர்ந்ததும் ரயில்வே வேலை. பீகாரின் மொகாமே காட்டில் சரக்கு ஏத்தி இறக்குற ஒப்பந்தத்தை 20 வருஷத்துக்கு மேல பார்த்தார். நடுவுல 1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். 436 பேரைக் கொன்னதா சொல்லப்பட்ட ஆட்கொல்லி அது. அதுக்குப் பரிசா மாகாண ஆளுநர் கொடுத்ததுதான் .275 ரிக்பி ரைஃபிள்.

அவர்கிட்ட ஜெஃப்ரி கம்பெனியோட .450/400 இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்துச்சு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரிக்பியோட குண்டு சுமார் 9 கிராம், ஒரு நொடிக்கு 820 மீட்டர் போகும். ஜெஃப்ரியோட குண்டு சுமார் 26 கிராம், வேகம் 640 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கினா, பெரியதோட தள்ளுவிசை சின்னதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. துப்பாக்கி கனமா இருந்தா உதையைக் கொஞ்சம் வாங்கிக்கும். மிச்சம் எல்லாம் தோளுக்குத்தான்.

வலி மட்டுமே பிரச்னை இல்லை. உதை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் உடம்பு தானா இறுகும், கண்ணு மூடும், குறி தவறும். தோளில் காயம் இருந்தா இந்தப் பயம் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கும்.

பெரிய தோட்டா காதையும் விடாது. 1929-ல் வேட்டை ஒண்ணுல, பக்கத்துல இருந்தவர் சுட்ட கனரக ரைஃபிளோட சத்தத்துல கார்பெட்டோட இடது செவிப்பறை கிழிஞ்சது. அந்தக் காது பழுத்து வீங்கியிருந்த நிலையிலதான் தல்லா தேஷ் ஆட்கொல்லியைத் தேடி அலைஞ்சார்.

ஒரு கையில் முட்டை

1930 ஏப்ரல் 11. சௌகர் பகுதியில் 64 உயிர்கள் போன பிறகும் பெண்புலி ஒண்ணு நடமாடிக்கிட்டிருந்தது. ஓடையில் இறங்கின கார்பெட், வழியில் அபூர்வமான பறவை முட்டைகள் ரெண்டைப் பார்த்து இடது கையில் எடுத்துக்கிட்டார். வலது கையில .275. பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தா, எட்டடி தூரத்துல புலி அவரையே பார்த்துக்கிட்டிருக்கு!

சட்டுனு அசைஞ்சா பாயும். தோளில் வைக்க வழியே இல்லை. ஒத்தைக் கையாலேயே ரைஃபிளை மெல்ல மெல்லத் திருப்பினார். கை நீண்டு வலிக்க ஆரம்பிச்ச நேரத்துல குழல் புலிக்கு நேரா வந்துச்சு. விசையை அழுத்தினார். ஒரே குண்டு, புலி சாய்ஞ்சது. கனமான இரட்டைக்குழல் கையில இருந்திருந்தா இப்படித் திருப்பியிருக்கவே முடியாதுங்கிறதை அவரே பின்னாடி எழுதி வெச்சார். முட்டைகளை உடையாம கொண்டுபோய், எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வந்தார்.

பிற்காலத்துல துப்பாக்கியைவிட கேமராவைத்தான் அதிகம் தூக்கினார். 1947-ல் கென்யாவுக்குப் போனவர், 1955-ல் அங்கேயே இறந்தார். 1936-ல் உருவான இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவுக்கு 1957-ல் அவர் பெயர் வெச்சாங்க.

உங்க தோளுக்கு...

1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை குற்றம். இப்போ நமக்கு இருக்கிறது ரேஞ்ச் மட்டும்தான். டிராப் தோட்டாவுல ஈயம் 24 கிராம். உதையைக் கணக்குப் போட்டா கார்பெட்டோட சின்ன ரைஃபிளுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனா, அவர் காட்டுல ஒண்ணு ரெண்டு தடவை சுட்டதை நீங்க ஒரே நாள்ல நூறு தடவை சுடுவீங்க.

தோள் காயத்துக்கு அப்புறம் திரும்பி வர்றவங்க, முதல்ல டாக்டர்கிட்ட ஓகே வாங்குங்க. உதையே தெரியாத 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அப்புறம் .22 ரைஃபிள்னு படிப்படியா ஏறுங்க. கட்டையோட நீளம் உங்க கைக்குச் சரியா இருக்கணும், ரப்பர் பேட் இருக்கணும். சுடுற எண்ணிக்கையைக் குறைங்க. வலிச்சா அன்னிக்குத் துப்பாக்கியைக் கீழே வெச்சிடுங்க. சின்ன தோட்டாவை எடுக்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை பாஸ், சௌகர் புலிக்கு அதுவே போதுமா இருந்துச்சு!