தந்தையின் கடனைத் தீர்த்த மகரிஷி

மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாதரை மகரிஷி என்று வங்காள மக்கள் போற்றினார்கள். பிரம்ம சமாஜத்தை வளர்த்த இந்தப் பெரியார், தமது முப்பதாவது வயதில், முழுகிப்போன ஒரு வியாபாரக் கம்பெனியின் பங்காளியாகக் கடன் கொடுத்தவர்கள் முன் நிற்க நேர்ந்தது.

அவருடைய தந்தை துவாரகாநாதர் கல்கத்தாவின் பெரும் செல்வர். 1834-ல் ஓர் ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்து 'கார், தாகூர் அண்டு கம்பெனி' என்ற ஏஜென்சியை நிறுவினார். அவுரி, பட்டு, சர்க்கரை ஏற்றுமதி, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம், நீராவிப் படகு என்று அது கை வைக்காத தொழில் குறைவு. யூனியன் பாங்கியிலும் அவர் செல்வாக்குக் கொடிகட்டிப் பறந்தது.

மகனையும் அந்தப் பாங்கியிலும் பிறகு கம்பெனியிலும் வேலைக்கு அமர்த்தினார். ஆனால் தேவேந்திரநாதரின் உள்ளம் கணக்குப் புத்தகத்தில் ஒட்டவில்லை; உபநிஷதங்களில் லயித்தது. 1839-ல் தத்துவபோதினி சபையைத் தொடங்கினார். 1843-ல் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்றார். சொத்துக்களைக் கவனிக்கவில்லையே என்று, இங்கிலாந்து சென்றிருந்த தந்தை கடிதம் எழுதிக் கடிந்துகொண்டார்.

1846 ஆகஸ்டு 1-ந் தேதி துவாரகாநாதர் லண்டனில் காலமானார். தம்பி கிரீந்திரநாதர் வியாபார நுணுக்கம் அறிந்தவர். எனினும், தந்தையின் இடத்தை நிரப்ப யாராலும் முடியவில்லை. 1847-ல் லண்டனில் வர்த்தக நெருக்கடி மூண்டது. அவுரி வியாபாரிகளுக்கு அள்ளிக் கொடுத்திருந்த யூனியன் பாங்கி முறிந்தது. 1848 தொடக்கத்தில் தாகூர் கம்பெனியும் கதவை மூடியது. கடன் சுமார் ஒரு கோடி ரூபாய்; ஆஸ்தி சுமார் 70 லட்சம்தான்.

இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று எண்ணியோ என்னவோ, துவாரகாநாதர் 1840-லேயே சில ஜமீன்களைப் பிள்ளைகளுக்காக டிரஸ்டில் வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் அவற்றைத் தொடச் சட்டத்தில் இடமில்லை. தேவேந்திரநாதர் அந்தப் பாதுகாப்பை நாடவில்லை. டிரஸ்டுச் சொத்தையும் கடனுக்கே ஒப்படைப்பதாகச் சபையில் அறிவித்தார். கோபத்தோடு வந்தவர்களில் பலர் கண் கலங்கினார்கள். அவரைத் தெருவில் நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. தவணையில் கடன் தீர்க்க வழி பிறந்தது.

வேலைக்காரர்கள் குறைக்கப்பட்டனர். வண்டி, குதிரைகள் ஏலத்துக்குப் போயின. உணவிலும் உடையிலும் சிக்கனம் வந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்தார். தர்ம சங்கம் ஒன்றுக்குத் தந்தை வாக்களித்திருந்த ஒரு லட்சம் ரூபாயையும் வட்டியுடன் செலுத்தினார்.

1861-ல் ரவீந்திரர் பிறந்தபோது அந்த மாளிகையில் பழைய ஆடம்பரம் இல்லை. எளிய உடையோடுதான் அவர் வளர்ந்தார். 1863-ல் போல்பூர் அருகே மகரிஷி வாங்கிய பொட்டல் நிலமே பின்னர் சாந்திநிகேதனம் ஆயிற்று. 1905-ல் 87-வது வயதில் அவர் மறைந்தார். வியாபாரத்தைக் காக்க அவருக்குத் திறமை போதவில்லை. தந்தையின் நாணயத்தைக் காக்க நேர்மை போதுமானதாக இருந்தது.