முடி முதல் எலும்பு வரை: புரதங்களுக்கு மேப் போட்ட ஜி.என். ராமச்சந்திரன் யார்?

கொச்சியிலிருந்து மூணாறு, தேவிகுளம் வழியாகப் போடி மெட்டு இறங்கி மதுரை போகும் ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவிகுளம் பக்கத்து ஆட்களுக்கு மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர் என்று வாழ்வது புதிதல்ல. அப்படிக் கேரளாவில் பிறந்து, சென்னையில் இருந்தபடி உலக அறிவியலை மாற்றிய தமிழர் ஒருவரின் கதை இது.

எங்கே தொடங்கியது?

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார் ராமச்சந்திரன். பூர்வீகம் நெல்லைப் பக்கத்து கோபாலசமுத்திரம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1942இல் சேர்ந்தார். சேர்ந்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில்தான். சி.வி. ராமன் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவர் ஆனார். அப்போது வயது முப்பதுதான்.

கங்காரு வாலில் என்ன இருந்தது?

அந்த வருடமே சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சோடு சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால்? முடியிலும் நகத்திலும் இருப்பது கெரட்டின். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ்ரே செலுத்திக் கிடைத்த படங்களை வைத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் ஒரு மாடலை வெளியிட்டார். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொள்ளும் அமைப்பு அது. 1955இல் அதைத் திருத்தி, மூன்றும் சேர்ந்து இன்னொரு முறுக்கு முறுக்கும் என்று காட்டினார்கள்.

இந்தக் கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். வேறு எதற்கும் உள்ளே இடம் போதாது. மரபணுப் பிழையால் கிளைசின் இடத்தில் வேறொன்று வந்தால், லேசாகத் தட்டினாலே எலும்பு உடையும் நோய் வரலாம்.

அப்புறம் என்ன சிக்கல்?

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் இந்த மாடலை விமர்சித்தார்கள். மூன்று இழை என்பதை ஏற்றார்கள். ஆனால் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையும் தவறு என்றார்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதே பின்னாளில் நிலைத்தது.

நம்மில் பலர் இந்த இடத்தில் கோபப்படுவோம், இல்லையா? ராமச்சந்திரன் டேட்டாவைத் தேடிப் போனார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக ஆய்வுகளிலிருந்து தூரங்களைத் திரட்டி ஓர் எல்லை வகுத்தார். அந்த எல்லைக்குள் ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம் என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்குப் போட்டார். 1963இல் வந்தது 'ராமச்சந்திரன் பிளாட்'.

அந்தப் படம் என்ன சொல்கிறது?

ஒரு சதுரம், இரண்டு அச்சுகள், இரண்டு கோணங்கள், அவ்வளவுதான். சதுரத்தின் ஏறக்குறைய முக்கால்வாசி காலி, ஏனென்றால் அங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும். மீதியிருக்கும் சில திட்டுகளில்தான் புரதங்கள் வாழ்கின்றன. உங்கள் முடியின் கெரட்டினுக்கு ஒரு திட்டு, பட்டு நூலுக்கு இன்னொன்று.

இன்றும் ஆய்வகத்திலோ ஏ.ஐ. மூலமோ ஒரு புரத அமைப்பு கிடைத்தால், அதைச் சரிபார்க்கும் முதல் சோதனைகளில் இதுவும் ஒன்று. தீக்காயத்துக்குப் போடும் கொலாஜன் தாள், முடியிலிருந்தும் கம்பளியிலிருந்தும் பிரித்தெடுக்கும் கெரட்டினில் செய்யப்படும் ஜெல் போன்ற ஆய்வுகளுக்கெல்லாம் அடியில் இருப்பது, புரதத்தின் வடிவம் பற்றிய இந்த அறிவுதான்.

கடைசிக் காலம்

1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பி மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து முழு உருவத்தை வேகமாகக் கணக்கிடும் வழியைத் தந்தார். சி.டி. ஸ்கேனில் நெடுங்காலம் பயன்பட்ட கணக்கு அது. 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் கிடைக்கவில்லை. 1998இல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். பார்க்கின்சன் நோயோடு போராடி, 2001 ஏப்ரல் 7 அன்று ராமச்சந்திரனும் மறைந்தார்.

அடுத்த முறை ஆபீஸில் உங்கள் வேலையில் யாராவது ஓட்டை கண்டுபிடித்தால், இவரை நினைத்துக்கொள்ளுங்கள். உலகம் இன்றும் பயன்படுத்தும் அந்தப் படம், ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்ததுதான்.