பேடன் பவலும் பள்ளிக்குப் பின்னால் இருந்த தோப்பும்



பிப்ரவரி 22 என்றால் உங்களில் சிலருக்காவது ஏதோ ஞாபகம் வரும். பள்ளியில் காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி, மூன்று விரலால் சல்யூட் அடித்தவர்களுக்கு நிச்சயம் வரும். சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் பிறந்த நாள் அது. நானும் எட்டாவதிலிருந்து பத்தாவது வரை சாரணன்தான். அங்கே கற்றுக்கொண்ட ரீஃப் முடிச்சை வைத்துத்தான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வவுச்சர் கட்டினேன். இன்றும் பழைய பேப்பரை அப்படித்தான் கட்டிப் போடுகிறேன். பேப்பர்காரருக்கு அவிழ்க்கச் சுலபம்.

இப்போது அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. சி பிளாக்குக்குப் பின்னால், மதில் ஓரம், நாலு வேப்ப மரமும் புதருமாக ஓர் இடம் இருக்கிறதே, அங்கே பிள்ளைகள் போகக்கூடாது என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பாம்பு பயம்தான். அதன் பிறகு தற்செயலாக இவருடைய வாழ்க்கையைத் திரும்பப் படிக்க நேர்ந்தது. படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பேடன் பவல் 1857இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். பையனுக்கு மூன்று வயதாகும்போதே அப்பா காலமாகிவிட்டார். வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா ஹென்றியெட்டா தனியாகக் குடும்பம் நடத்தினார். கெட்டிக்கார அம்மா. பேடன் என்பது கணவரின் பெயர், பவல் என்பதுதான் குடும்பப் பெயர். இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயராக ஆக்கியவர் அவர்தான்.

பையன் உதவித்தொகை பெற்று சார்ட்டர்ஹவுஸ் என்ற பள்ளியில் சேர்ந்தான். 1872இல் அந்தப் பள்ளி லண்டனை விட்டு கோடால்மிங் என்ற ஊருக்கு மாறியது. புதுக் கட்டடத்தை ஒட்டி ஒரு தோப்பு. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்று தடை. நம்ம ஆள் போனார். கண்ணி வைத்து முயல் பிடித்தார். புகை தெரிந்தால் ஆசிரியர் வந்துவிடுவார் என்பதால் புகையில்லாமல் சின்னதாக நெருப்பு மூட்டிச் சமைக்கப் பழகினார். ஆசிரியர் தேடி வந்தால் மரத்தில் ஏறிக்கொள்வார். தேடுகிறவர்கள் மேலே நிமிர்ந்து பார்ப்பதே இல்லை என்பதை அப்போதே கண்டுபிடித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். விடுமுறை வந்தால் அண்ணன்களோடு பாய்மரப் படகு. மூத்த அண்ணன் வாரிங்டன்தான் தலைவர், மற்றவர்கள் அவர் சொல்படி வேலை செய்ய வேண்டும்.

படிப்பில் சுமார்தான். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று 1876இல் ராணுவ அதிகாரிகளுக்கான போட்டித் தேர்வை எழுதினார். குதிரைப்படைப் பட்டியலில் இரண்டாவது இடம்! முன்னணியில் வந்தவர்களுக்கு சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சியிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆக, பின்னாளில் லட்சக்கணக்கான பையன்களுக்குப் பயிற்சி முறை வகுத்தவர், தான் சேர வேண்டிய பயிற்சிக் கல்லூரியின் வாசலையே மிதிக்கவில்லை. பத்தொன்பது வயதில் நேரே கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து, லக்னோவில் 13ஆவது ஹுசார்ஸ் குதிரைப்படையில் சேர்ந்தார். தொழிலைக் கற்றுக்கொண்டது அங்கேதான். நில அளவையில் தனிச் சான்றிதழ் வாங்கினார். குதிரைப்படை என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சேருகிற இடம். இவரிடம் சம்பளம் தவிர வேறு வருமானம் கிடையாது. புகைப்பதை விட்டார். பத்திரிகைகளுக்குப் படமும் கட்டுரையும் அனுப்பிக் கிடைத்த பணத்தில் செலவைச் சமாளித்தார். மாசக் கடைசியை அறிந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

படைவீரர்களுக்கு இவர் சொல்லிக்கொடுத்த முறை வேறு மாதிரி. பெரிய வரிசையில் நிறுத்திக் கட்டளை போடாமல், நாலைந்து பேராகப் பிரித்துத் தனியே அனுப்புவார். தடம் பார்த்து, வரைபடம் போட்டு, பார்த்ததைத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். 1896இல் ஆப்பிரிக்காவின் மட்டோபோ மலைகளில் பர்ன்ஹாம் என்ற அமெரிக்க வேவுக்காரரிடம் இவரே நிறையக் கற்றுக்கொண்டார். இதையெல்லாம் சேர்த்துப் படைவீரர்களுக்காக எழுதிய சிறு புத்தகம் 1899இல் வெளிவந்தது.

அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. மஃபெகிங் என்ற சிறிய ஊரில் இவர் தளபதி. எதிரிகள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். முற்றுகை 217 நாள் நீடித்தது. ஒரு வங்கி ஊழியனாக எனக்குச் சுவையான விஷயம் ஒன்று இங்கே உண்டு. ஊரில் பணம் தட்டுப்பட்டபோது முற்றுகை நோட்டு என்று தனியாக அச்சடித்தார்கள். ஒரு பவுண்டு நோட்டுக்குப் படம் வரைந்தவர் பேடன் பவலே. முற்றுகை முடிந்ததும் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பலர் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்களே தவிர மாற்ற வரவில்லை. கவுண்ட்டரில் இருந்த எனக்கு இப்படி ஒரு கஸ்டமர்கூட வாய்த்ததில்லை.

பெரியவர்கள் எல்லாரும் காவலுக்குப் போய்விட்டதால் ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு படை அமைத்தார்கள். அமைத்தவர் எட்வர்ட் செசில் என்ற அதிகாரி. தகவல் கொண்டுபோவது, காவல் பார்ப்பது போன்ற வேலைகள். முதலில் கழுதையில் போனார்கள். சாப்பாடு தட்டுப்பட்டுக் கழுதைகளும் அடுப்புக்குப் போன பிறகு சைக்கிளில் போனார்கள். அவர்களின் தலைவன் குட்இயர் என்ற சிறுவன், சைக்கிளோடு இருக்கும் படம் அந்த ஊர்த் தபால் தலையிலேயே வந்தது. பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று பேடன் பவல் பிற்பாடு எழுதியதெல்லாம் இவர்களைப் பார்த்துத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் வெள்ளைக்காரர்களைவிடக் கறுப்பின மக்களே அதிகம். ரேஷனில் அவர்களுக்கு வெள்ளையருக்குக் கிடைத்த பங்கு கிடைக்கவில்லை. பட்டினியால் பலர் செத்தார்கள். ஊரைக் காக்கச் சண்டை போட்ட பரோலாங் இனத்தவரின் பங்கும் லண்டன் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சால் பிளாட்ஜே என்ற கறுப்பின இளைஞர் முற்றுகையின்போது எழுதிய டைரி 1973இல்தான் புத்தகமாக வந்தது. நான் சாரணனாக இருந்தபோது எங்கள் மாஸ்டர் மஃபெகிங் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், இந்தப் பாதியைச் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்துக்குத் திரும்பினால் இவர் பெரிய ஹீரோ. படைவீரர்களுக்கு எழுதிய அந்தப் புத்தகத்தை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் பிள்ளைகளுக்கென்றே எழுதலாமே என்று யோசனை வந்தது. முதலில் சோதித்துப் பார்த்தார். 1907 ஆகஸ்ட்டில் பிரவுன்சி என்ற தீவில் சுமார் இருபது பையன்களோடு ஒரு முகாம். பாதிப் பேர் பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். ஓநாய், காளை, உள்ளான், அண்டங்காக்கை என்று நாலு அணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனே தலைவன். காலையில் ஆப்பிரிக்க மான் கொம்பை ஊதி எழுப்புவார். நெருப்பு மூட்டுவது, தடம் பார்ப்பது, ஒளிந்து போவது என்று கோடால்மிங் தோப்பில் திருட்டுத்தனமாகச் செய்ததையெல்லாம் இங்கே பாடமாக வைத்தார். அடுத்த வருடம் புத்தகம் ஆறு பகுதிகளாக வந்தது. பையன்கள் யாருக்கும் காத்திராமல் தாங்களாகவே அணி சேர்ந்துவிட்டார்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பேரணிக்குச் சிறுமிகளும் வந்து, எங்களுக்கும் வேண்டும் என்று நின்றார்கள். வெறும் அணிவகுப்புப் பயிற்சி பையனின் சொந்தப் புத்தியை மழுங்கடிக்கும் என்பது இந்த ராணுவ ஜெனரலின் அபிப்பிராயம்.

நம் நாட்டுக்கும் 1909லேயே சாரணர் வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும். நம் பையன்கள் சேர முடியாது. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைப்பாகை கட்டிய இந்தியச் சாரணர்களை உருவாக்கினார்கள். வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் வேறொரு சங்கம் நடத்தினார்கள். 1921இல் பேடன் பவல் இங்கே வந்த பிறகுதான் கதவு திறந்தது, அம்மையாரின் சங்கமும் இணைந்தது. முழு ஒற்றுமை வர 1950 ஆயிற்று.

கடைசிக் காலத்தைக் கென்யாவில் நியேரி என்ற ஊரில் கழித்து, 1941 ஜனவரி 8 அன்று காலமானார். கல்லறைக் கல்லில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. சாரணர் தடக் குறிகளில் அதற்கு வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். ஒன்பதாவது படிக்கும்போது முகாம் முடிந்த அன்று இதே குறியைக் கூழாங்கற்களால் நானும் போட்டிருக்கிறேன்.

சி பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். புதரை வெட்டிச் சுத்தம் செய்து, சனி ஞாயிறு மாலையில் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்படி பிள்ளைகளை விடலாமா என்று கேட்டுச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரியவராக முதல் மாதம் நான் இருக்கிறேன். பாம்பு பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் நீங்களும் வந்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.