தெருத்தெருவாக நடந்து பார்த்தவர்: பேட்ரிக் கெடிஸ்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேகத்தடை கேட்டு ஆவடி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்று பேச்சு எடுத்ததும் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். நானும் என் தெருவுக்காகத்தான் குரல் கொடுத்தேன். முதலில் எந்தத் தெரு என்பதில் பேச்சு முற்றியது. டீ ஆறிப் போனதுதான் மிச்சம். ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. கூட்டத்துக்கு ஆள் வராத தெருக்களும் நம் நகரில் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் வாடகைக் குடித்தனங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் தனியாகத்தான் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். அந்தத் தெருக்களைப் பற்றி அன்று நம்மில் ஒருவர்கூடப் பேசவில்லை.

எந்தத் தெருவுக்கு எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கு, நூறு வருடங்களுக்கு முன்பே நம் பக்கம் வந்து வழி காட்டிவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். பேட்ரிக் கெடிஸ் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர். நகரமைப்பு படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் நம் வேகத்தடைக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வங்கி மேசையிலிருந்து

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் இருந்தவர். பெர்த் என்ற ஊரில் வளர்ந்த பையனுக்குச் செடி, கொடி, பாறை, பூச்சி என்றால் உயிர். தந்தையோ முதலில் ஒரு வங்கியில் வேலை பார் என்று சொல்லிவிட்டார். தந்தை சொல்லைத் தட்டாமல் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வங்கியில் வேலை பார்த்தார். அதன் பிறகு, இது நமக்கு ஒத்துவராது என்று விலகிவிட்டார். வங்கியிலேயே காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

பிறகு லண்டனுக்குப் போய் தாமஸ் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியிடம் உயிரியல் படித்தார். 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை பாதிக்கப்பட்டது. பல வாரங்கள் இருட்டறையில் கிடக்க வேண்டி வந்தது. நுண்ணோக்கியில் வேலை பார்க்கிறவருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? அந்த இருட்டில் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்தவருக்கு, மனதில் இருக்கும் விஷயங்களையும் இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கலாமே என்று தோன்றியது. பார்வை திரும்பி வந்தது. ஆனாலும் காகிதத்தைக் கட்டங்களாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை எழுதி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றும்தான் அந்தக் கட்டங்களில் முக்கியமானவை. பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். தலைப்புப் போட்டுக் கட்டத்தில் எழுதினால்தான் எது விட்டுப்போயிற்று என்று தெரியும்.

குடிபோன தெரு

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தார். கல்யாணமான புதுசில் நல்ல பகுதியில் வீடு பார்த்துப் போவதுதான் உலக வழக்கம். இவர்கள் எடின்பரோ நகரின் பழைய பகுதியில், மிகவும் சீரழிந்து கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தில் போய்க் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அள்ளினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல் ஓரத்தில் பூச்செடி வைத்தார்கள். ஒட்டுமொத்தமாக இடித்துத் தள்ளாமல், உளுத்துப்போனதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் பழுது பார்ப்பது அவர் வழி.

1888-இல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். 1892-இல் எடின்பரோவில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கி நகரத்தைப் பற்றிய காட்சியகமாக மாற்றினார். ஊர் மக்கள் மேலே ஏறித் தங்கள் ஊரை முழுமையாகப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தன் வீடு, தன் தெரு என்பதைத் தாண்டி யோசிப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பண விஷயத்தில் அவர் கணக்கு எப்போதும் இடித்தது. வாங்கிய கட்டடங்கள், செய்த செலவுகள் எல்லாம் கைமீறிப் போய், 1896-இல் நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி அவருடைய சொத்துகளை நிர்வகிக்க வேண்டி வந்தது. வங்கியில் நீடித்திருந்தால் அந்த வங்கியின் பாடு என்ன ஆகியிருக்குமோ!

எம்டன் மூழ்கடித்த பெட்டிகள்

1914-இல் அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபது. நம்மில் பலர் ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சி முன் உட்காரும் வயது. பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் கொண்ட நகரக் கண்காட்சி முழுவதும் கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் வந்தது. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, நம் பேச்சுத் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே ஜெர்மானிய எம்டன்தான்.

வாழ்நாள் உழைப்பு கடலுக்கு அடியில் போனதற்கு அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நண்பர்கள் அங்கே மறுபடி படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பிறகு மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர், சேலம் என்று ஊர் ஊராகப் போனார். அவர் வேலை செய்த விதம் அதிகாரிகளுக்கே புதுமை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போடுவதில்லை. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடப்பார். எந்தக் கிணற்றடியில் பெண்கள் கூடுகிறார்கள், எந்த மரத்தடியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், எந்த வீடு பாழாகக் கிடக்கிறது என்று பார்ப்பார். வைத்தியர் நாடி பார்த்த பிறகுதானே மருந்து எழுதுகிறார், ஊருக்கும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கடியைத் தீர்க்க, வீடுகளை இடித்து நேர் நேராகத் தெருக்கள் போடுவதென்று ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் நடந்து பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, இருக்கும் சந்துகளை அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும் என்று காட்டினார். செலவும் குறைவு, வீடு இழக்கும் குடும்பங்களும் குறைவு. நம் கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளும் அவர் மனதைக் கவர்ந்தன.

மாகாணத்தில் நகரமைப்பு பற்றி அப்போது எழுந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாக 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது.

இந்தூர் ஊர்வலம்

நம் விவாதத்துக்கு மிகவும் தேவையான பகுதி இதுதான். பிளேக் நோய் பரவியிருந்த இந்தூர் சமஸ்தானத்துக்கு கெடிஸ் அழைக்கப்பட்டார். தெருத்தெருவாக அலையும் வெள்ளைக்காரரைப் பார்த்து, வீட்டை இடிக்க வந்தவர், பிளேக்கைக் கொண்டுவந்தவர் என்று மக்கள் பயந்தார்கள். அவர் மகாராஜாவிடம் ஒரு நாள் மட்டும் தன்னை மகாராஜாவாக இருக்க விடும்படி கேட்டுக்கொண்டார்.

தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊர்வலம் எந்தத் தெரு வழியாக வரும்? வழக்கமான வழியில் வராது. எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் தெருவையும் நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அந்தத் தெரு வழியாக வரும் என்றார். அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. அழுக்கை ஒரு ராட்சச உருவமாகவும் பிளேக்கைப் பெரிய எலியாகவும் செய்து ஊர்வலத்தில் கொண்டுபோனார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடை உடுத்தி, மாலை போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தார்கள். இந்தூருக்கான அவருடைய அறிக்கை 1918-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை என்பதை அவர் சிபாரிசை வைத்தோ, சத்தத்தை வைத்தோ முடிவு செய்யவில்லை. ஒரு விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொன்னார். பிறகு அந்த விதிப்படி நடந்தார். பயந்துகொண்டிருந்த மக்கள் அதனால்தான் அவரை நம்பினார்கள்.

இத்தனை வேலைக்கும் நடுவே 1917-இல் அவருக்கு இரண்டு பேரிழப்புகள். ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்தார். அந்தச் செய்தி வந்தபோது மனைவி அன்னா காய்ச்சலில் படுக்கையில் கிடந்தார். அவரிடம் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. மகனின் பழைய கடிதங்களையே எடுத்துப் படித்துக் காட்டினார். ஜூன் மாதம் அன்னா கல்கத்தாவில் காலமானார், மகன் போனது தெரியாமலே.

வீட்டுத் தெருக்கள்

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறைப் பேராசிரியர் ஆனார். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1925-இல் டெல் அவிவ் நகருக்கு ஒரு திட்டம் தந்தார். வண்டிகள் ஓடப் பெரிய சாலைகள் சுற்றிலும் போகும். அவற்றுக்கு நடுவே இருக்கும் குடியிருப்புக்குள் குறுகிய தெருக்கள், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும். குறுக்கு வழியாகப் பயன்படக்கூடாது என்பதற்காகவே அவற்றைக் குறுகலாக வைத்தார். வேகத்தடை என்று நாம் கேட்பதன் அடிப்படைக் கருத்து இந்தத் திட்டத்திலேயே இருக்கிறது.

கடைசிக் காலத்தை பிரான்ஸில் மாண்ட்பெல்லியே நகரில் கழித்தார். ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டு, அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார். இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பல நிறைவேறவே இல்லை. ஆனால் நடந்து பார், பிறகு முடிவு செய் என்ற அவர் பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி நம் விஷயம்

இன்று பல நாடுகளில் நகராட்சிகள் வேகத்தடை கேட்டு வரும் மனுக்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகின்றன. வண்டிகளின் வேகம், எண்ணிக்கை, நடந்த விபத்துகள், பக்கத்தில் பள்ளி உண்டா, நடைபாதை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அதிகம் வாங்கிய தெருவுக்கு முதலில் வேலை. நாமும் மனு கொடுக்கும் முன் இதைச் செய்துவிடலாம் என்பது என் யோசனை.

செலவு ஒன்றும் இல்லை. தெருவில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். ஒரு வண்டி 6 வினாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். நாலரை வினாடியில் கடந்தால் 40. காலையில் பள்ளி நேரத்தில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி எண்ணினால் போதும். எத்தனை வண்டிகள் நம் நகருக்குள் வருபவை, எத்தனை குறுக்கு வழியாக ஓடுபவை என்று தனியாகக் குறியுங்கள். நடந்து போகும் பிள்ளைகளையும் முதியவர்களையும் எண்ணுங்கள். அந்தத் தெருவில் யாராவது விழுந்திருக்கிறார்களா, அடிபட்டிருக்கிறார்களா என்று நாலு வீட்டில் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு தெருவில் மட்டும் தடை போட்டால் வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதனால் தெருக்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாவது, பொறுமை இழந்து கட்டட இடிபாட்டைக் கொட்டியோ சிமெண்ட் பூசியோ நாமே மேடு போடக்கூடாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் மெல்ல ஏறி இறங்க வேண்டும். வர்ணமும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். குறுகிய செங்குத்து மேட்டில் இரவில் டூவீலரில் வருகிறவர் தூக்கி எறியப்பட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு தன்னார்வலர்கள் தேவை. கூட்டத்துக்கு ஆள் வராத தெருக்களுக்கு நான் போகிறேன். கணக்கெடுப்புத் தாளைக் கட்டம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். எல்லாத் தாள்களையும் பலகையில் ஒட்டுவோம். அதில் என் தெரு கடைசியில் வந்தால், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.