பனிச்சரிவிலிருந்து நெய்யூருக்கு

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1890ஆம் ஆண்டு பிறந்தவர் ஹோவர்டு சாமர்வெல். அறுவை மருத்துவரான அவர், 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏற்றக் குழுவில் இடம்பெற்றார். பருவமழைக்காலம் நெருங்கிய வேளையில் மலையில் பெரும்பனி பொழிந்தது. புதிதாய்ப் பெய்த பனி, பழைய படலத்தோடு இறுகப் பிணையும்வரை சரிவுகள் நம்பத்தக்கன அல்ல. பனி ஓய்ந்த சில நாள்களிலேயே குழுவினர் புறப்பட்டனர். வழியில் செங்குத்தான ஓரிடத்தை மிதித்துச் சோதித்தனர், அது அசையவில்லை. அத்துணிவில் மேலே ஏறினர். சூன் 7ஆம் நாள், வடகணவாய்க்குக் கீழே பனிப்படலம் பிளந்து சரிந்தது. சுமை தூக்கி வந்தோருள் எழுவர் மாண்டனர். சாமர்வெல், மலோரி உள்ளிட்ட ஆங்கிலேயர் மூவரும் உயிர்பிழைத்தனர். தங்கள் கணிப்பின் பிழைக்குப் பிறர் உயிரிழந்தனரே என்னும் வேதனை சாமர்வெல்லை வாட்டியது.

அதன்பின் இந்தியாவைச் சுற்றிவந்த அவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரை அடைந்தார். அங்கிருந்த மருத்துவமனையில் திரளான நோயாளர் காத்திருக்க, அறுவை செய்யப் போதிய மருத்துவர் இல்லை. இலண்டன் வாழ்வைத் துறந்து அவ்வூரிலேயே பணியேற்றார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் ஏற்றக் குழுவில் இடம்பெற்றுத் திரும்பினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நெய்யூரிலும், பின்னர் வேலூரிலும் தொண்டாற்றிய அவர், 1975இல் மறைந்தார்.