என். எம். பெரேராவும் 175 நாள் மந்திரிசபையும்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியிலிருந்து ஜம்பட்டா வீதி வழியே நடந்தால் கிராண்ட்பாஸ் அதிக தூரமன்று. அங்கே சென்ற் ஜோசப் வீதியில் 1905 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆந் திகதி பிறந்தவர் நாணயக்காரபதிரகே மார்ட்டின் பெரேரா. நாட்டார் அவரை என். எம். என்னும் இரண்டு எழுத்துகளாலேயே அறிவர்.

அவரைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும், இரண்டுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று 1955 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாராளுமன்றத்திலே பிரேரணை கொண்டுவந்தவர் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரே ஏறி அமர்ந்த கூட்டு மந்திரிசபையிலோ அந்தக் கோரிக்கைக்கு இடமிருக்கவில்லை. அம்மந்திரிசபையும் ஆறு மாதம் நிறையுமுன் ஒரே ஒரு வாக்கினால் விழுந்தது. கொடுத்த விலை பெரிது. கொண்ட பண்டமோ கையில் தங்கவில்லை. இந்தக் கணக்கை என் மாணவர்க்கு விளங்கவைக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். வரலாற்றுப் பாடம் என் துறையன்று. ஆயினும் மொழியின் கதை என் துறைதானே.

வாழ்வின் முற்பகுதியைச் சுருக்கியே சொல்கிறேன். கிராண்ட்பாஸிலே தாய்மொழிப் பாடசாலையிற் படிப்பைத் தொடங்கி, முகத்துவாரத்திலும் பின்னர் ஆனந்தாக் கல்லூரியிலும் பயின்று, 1927 இல் லண்டன் சென்றார். பொருளியற் கல்லூரியிலே ஹரோல்ட் லாஸ்கியின் மாணாக்கர். பாராளுமன்ற முறைகளையும் அரசியலமைப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து உயர்ந்த பட்டங்களோடு 1933 இல் திரும்பினார். அடுத்த ஆண்டே நாட்டில் மலேரியா கோரமாகப் பரவிற்று. கேகாலைப் பகுதிக் கிராமங்களில் மருந்தும் பருப்பும் கொண்டு வீடு வீடாகத் திரிந்த அந்தக் கலாநிதிக்கு மக்கள் சூட்டிய பட்டம் பருப்பு மாத்தயா. லண்டன் பட்டங்களிலும் இது பெரிதென்பது என் எண்ணம். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 இல் றுவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சபையில் அவரும் பிலிப் குணவர்த்தனாவும் வற்புறுத்திய காரியங்களுள் ஒன்று, பொலிஸ் கோட்டு விசாரணையும் பொலிஸ் நிலையத்தில் எழுதப்படும் முறைப்பாடும் மக்கள் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டுமென்பது. தன் வழக்கு எந்த மொழியில் நடக்கிறதென்றே அறியாது கூண்டில் நின்ற ஏழை, சிங்களவனாயினும் தமிழனாயினும், அவர் கண்ணுக்கு ஒருவனாகவே தோன்றினான்.

யுத்தம் வந்தது. 1940 ஜூனில் என். எம்., பிலிப், கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் சிறைப்பட்டனர். 1942 ஏப்ரில் 5 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு பொழிந்தன. 7 ஆந் திகதி இரவு நால்வரும், காவலன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு, கண்டிச் சிறையிலிருந்து வெளியேறினர். பின்னர் இந்தியாவிலே தலைமறைவு வாழ்க்கை. இந்த நால்வரின் பெயரை வாசகர் மறவாதிருக்க வேண்டும்; எனது கதையின் உச்சத்தில் மூவர் மீண்டும் வருவர்.

சுதந்திரத்தின் பின் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்து வாக்களித்தனர். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும் அவர்கள் முன்னின்று நடத்தியதே. ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்கு நாடு காட்டிய எதிர்ப்பு அது. அன்று மந்திரிமார் தரையிற் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தினர். அக்கப்பலைக் கரையில் நின்று பார்த்ததாக எங்கள் தெருவின் முதியோர் சிலர் சொல்ல நான் இளமையிற் கேட்டதுண்டு. சில வாரங்களில் டட்லி சேனநாயக்கா பிரதமர் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு என். எம். கொழும்பு மாநகர முதல்வரானார்.

இனி 1955. தனிச் சிங்களம் என்னும் கோஷம் சந்திக்குச் சந்தி முழங்கிய காலம். அதற்கு மாறாக ஒரு சொல் சொன்ன சிங்கள அரசியல்வாதி தன் வாக்குகளைத் தானே எரிப்பவன் என்று எல்லாரும் அறிவர். என். எம். அறியாதவரல்லர். அறிந்தே பிரேரணையைக் கொண்டுவந்தார். சமசமாஜக் கட்சிக் கூட்டங்கள் குழப்பப்பட்டன, தோழர்கள் அடிபட்டனர். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்தின்மீது வாக்கெடுப்பு வந்தபோது எதிர்த்துக் கையுயர்த்திய 29 பேரில் தமிழ் உறுப்பினரோடு சமசமாஜிகளும் பொதுவுடைமையாளரும் இருந்தனர். தமிழர் தம் மொழிக்காகப் பேசுவது இயல்பு, அதில் வியப்பில்லை. வாக்குத் தரும் தன் இனத்தாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு மற்றவன் மொழிக்காகப் பேசுவது வேறு வகை. அந்நாளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் சமசமாஜக் கட்சிமீது வைத்த பற்றுக்கு இதுவே காரணம்.

பின் ஏன் மாறினார்? பதவி ஆசை என்று ஒரு சொல்லிற் சொல்லி முடிப்பாருளர். நான் அவ்வளவு விரைவாக முடிக்க மாட்டேன். 1960 மார்ச்சுத் தேர்தலில் அரசமைக்கலாம் என்னும் நம்பிக்கையோடு நின்ற கட்சிக்குக் கிடைத்தவை பத்துத் தொகுதிகளே. கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பத்து இடம்! உழைக்கும் சிங்கள மக்கள் திருமதி பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சியின் பின்னே நின்றனர். 1963 இல் இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் கூடி ஐக்கிய முன்னணி கண்டன. தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து 21 கோரிக்கைகளை முன்வைத்தன. அரசு தடுமாறிய அந்நேரத்திற் பிரதமரிடமிருந்து அழைப்பு வந்தது. மக்கள் எங்கே நிற்கின்றனரோ அங்கே போய் நின்றாலன்றி ஒன்றும் ஆகாது என்று என். எம். கணக்கிட்டார். 1964 ஜூன் 6, 7 ஆந் திகதிகளிற் கட்சியின் விசேட மாநாடு கூடிற்று. முதல்நாள் அவருக்கு 59 வயது நிறைந்த நாள். ஐந்நூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அவர் பக்கம் நின்றனர். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கூட்டே கூடாதென்று நின்று, தோற்று, வெளியேறினர். வெளியேறியோர் வரிசையில் எட்மண்ட் சமரக்கொடியும், தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்புவும் இருந்தனர். நான்காம் அகிலமும் அவரைக் கைவிட்டது.

ஜூன் 11 இல் என். எம். நிதி மந்திரி. சோமண்டலி குணவர்த்தனாவும் அனில் முனசிங்காவும் உடன் சென்ற மற்றிருவர். மந்திரிசபையில் மூன்று ஆசனம்! எதிர்க்கட்சி வரிசையிலே பாராளுமன்றத்தை நடுங்கவைத்த கட்சிக்கு இது போதுமா என்று கேட்டோர் அன்றே உண்டு.

கூட்டு என்னும் சொல்லை இலக்கணத்தில் வைத்துப் பார்க்கிறேன். இராப்பகல் என்பது உம்மைத்தொகை. இரண்டும் சமமாக நிற்க, நடுவே உம் என்பது மறைந்து நிற்கும். அரசன் வாள் என்பது வேற்றுமைத்தொகை. அங்கே வாளுக்குத் தனிநிலை இல்லை, அது அரசனுடைய உடைமை. என். எம். உம்மைத்தொகை என்று எண்ணிப் புகுந்தார். அது ஆறாம் வேற்றுமையாய் முடிந்தது.

நிதி மந்திரியாக அவர் செய்ய முனைந்தவற்றுள் நன்கு நினைவில் நிற்பது கள். தென்னையிற் கள்ளிறக்குவதற்கிருந்த தடைகளைத் தளர்த்தினால் கள்ளச் சாராயம் ஒழியும், ஏழைக்கு வருவாய் வரும், திறைசேரிக்கும் வரி வரும் என்பது அவர் கணக்கு. தவறணையைக் கண்டு பழகிய எங்களவர்க்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பௌத்த சங்கத்தார் கொதித்தெழுந்தனர், பிரேரணை கைவிடப்பட்டது. பொருளியல் அறிந்த கலாநிதி தம் முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு தென்னைமரத்தடியில் நின்றுவிட்டார்!

சிரிப்புக்கிடமில்லாதது அடுத்தது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி டில்லியிலே ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தோட்டத் தமிழர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கினர். பங்கு பிரிக்கப்பட்டோரை ஒருவரும் கேட்கவில்லை. 1948 இல் அவர்களுக்காக வாதாடிய கட்சியின் தலைவர், ஒப்பந்தம் செய்த அரசின் நிதி மந்திரி. வெளியே இருந்திருந்தால் அவர் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அடுத்து லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசுடைமையாக்கும் மசோதா. அதை முன்னிட்டுச் சுதந்திரக் கட்சியின் மூத்தவராகிய சி. பி. டி சில்வா 13 உறுப்பினரோடு எதிர்ப்பக்கம் போய் அமர்ந்தார். டிசெம்பர் 3 ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின்மீது வாக்கெடுப்பு. எதிர்த்து 74, ஆதரித்து 73. ஒரு வாக்கு!

அந்த 74 இல் தமிழரசுக் கட்சியினரின் வாக்குகள் இருந்தன, அது எதிர்பார்த்ததே. எட்மண்ட் சமரக்கொடியின் வாக்கும் இருந்தது. அவரோடு கட்சியை விட்டு வெளியேறிய மெரில் பெர்னாண்டோவின் வாக்கும் இருந்தது. 1942 இல் ஒரே சிறைக்கதவால் வெளியேறியவர், 22 ஆண்டுகளின் பின் தன் தோழர் மந்திரியாயிருந்த அரசைத் தள்ளி வீழ்த்தக் கையுயர்த்தினார். பிலிப் குணவர்த்தனாவோ 1965 இல் டட்லியின் மந்திரிசபையிற் போய் அமர்ந்தார். கொல்வின் ஒருவரே என். எம்.மோடு எஞ்சினார். ஜூன் 11 முதல் அன்றுவரை எண்ணினால் 175 நாள்.

இத்தகைய குறுவாழ்வு மந்திரிசபைகளை என். எம். லண்டன் நூலகத்திலே ஆயும்போது அறியாதிருந்திருக்க மாட்டார். பால்டிக் கடற்கரையில் முதல் உலக யுத்தத்தின் பின் பிறந்த எஸ்தோனியா, லாத்வியா ஆகிய குடியரசுகளிற் பல கட்சிகள் கூடி அரசமைப்பதும், சில மாதங்களிற் கலைவதும் வழக்கமாயிருந்தன. லித்துவேனியாவின் கதை நம் கதைக்கு இன்னும் அணுக்கமானது. 1926 ஜூனில் அங்கே விவசாயிகள் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சிறுபான்மையினரின் ஆதரவோடு ஒரு கூட்டரசு அமைத்தன. போலிஷ் மொழிப் பாடசாலைகள் பலவற்றை அவ்வரசு திறக்க விட்டதையே பெரும்பான்மையினரில் ஒரு சாரார் குற்றமாக எடுத்தனர். டிசெம்பர் 17 இல் இராணுவம் அதைக் கவிழ்த்தது. அவ்வரசும் ஆறு மாதமே வாழ்ந்தது. ஆனால் சிறுபான்மையினர் மொழிக்கு இடங்கொடுத்தது என்னும் பழியோடு வீழ்ந்தது. நம் 1964 அரசுக்கு அந்தப் பழி இல்லை.

பதவி போனபின்னாவது பழைய குரல் திரும்பியதா? இல்லை. இதுதான் என் போன்றோரின் ஆறாத குறை. 1965 இல் டட்லி, தமிழரசுக் கட்சியையும் சேர்த்துத் தேசிய அரசு அமைத்தார். தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளை 1966 ஜனவரி 8 இல் அவர் பாராளுமன்றத்தில் வைத்தபோது, அவற்றை எதிர்த்து வீதியில் இறங்கியோரிற் சமசமாஜக் கட்சியினரும் இருந்தனர். கொள்ளுப்பிட்டியிலே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து ஒரு பிக்கு மாண்டார். தமிழரின் வடையைச் சேர்த்துப் பிரதமரைப் பரிகசித்த கோஷம் இடதுசாரி ஊர்வலங்களிலே ஒலித்த காலம் அது. 1955 இல் யாரிடம் அடிபட்டனரோ அவர்களோடு 1966 இல் தோள்சேர்ந்து நடந்தனர். மந்திரிசபையிற் பேசாதிருந்ததற்கு அரசியற் கட்டாயம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். வீதியில் நடந்ததற்கு என்ன சமாதானம்?

1970 இல் ஐக்கிய முன்னணி வென்றது; என். எம். மீண்டும் நிதி மந்திரி. 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பைக் கொல்வின் முன்னின்று ஆக்கினார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பது அதில் யாப்பின் விதியாகவே ஏறிற்று. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு மறைந்தது. 1973 இல் லேக் ஹவுஸும் அரசின் கைக்கு வந்தது. 1975 செப்டெம்பரிற் சமசமாஜிகள் மந்திரிசபையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1977 தேர்தலிற் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை, யட்டியாந்தோட்டையும் போயிற்று. அவர் நேர்மையைப் பகைவரும் ஐயுற்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்கிருந்த பிரியமும் நாடறிந்தது. நாட்டின் கிரிக்கெட் சபைக்குத் தலைவராகவும் இருந்தார்.

பாராளுமன்றத்தில் இடமற்ற அந்த முதுமையில் அவர் மீண்டும் மாணாக்கரானார். 1978 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த புதிய அரசியலமைப்பை எடுத்து, விதி விதியாகப் பிரித்து ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஒரு மனிதன் கையில் அவ்வளவு அதிகாரத்தைக் குவிப்பதன் அபாயத்தை அந்நூல் எடுத்துக் காட்டுகிறது. அவர் எழுதிய கடைசி நூல்களுள் அது ஒன்று. 1979 ஓகஸ்ட் 14 இல் என். எம். காலமானார்.