அரசியல் நிர்ணய சபையில் ஒரு வேதியியல் பட்டதாரி: தாட்சாயணி வேலாயுதன் அம்மையார்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் நம் பெண்மக்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறுகின்றன. போடிமெட்டைக் கடந்தால் கேரளம். ஏலத் தோட்டங்களில் பகலெல்லாம் காய் பறித்துத் திரும்பும் அத்தாய்மாரின் கூலியிலே படித்து, பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று நம்மிடையே பலர் உளர். பட்டம் கைக்கு வந்தபின் அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கல்லூரியில் ஆசிரியப் பணி கிட்டவில்லை. ஆராய்ச்சிக்குச் செல்ல வசதியில்லை. அப்படியாயின் கற்ற அறிவியல் வீண்தானா என்பதே அது. இம்மலைக்கு மேற்கே பிறந்து, நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து வேதியியல் கற்று வெளிவந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை அதற்கு விடையாக இவ்வெள்ளி விழா மலரில் எழுத முற்படுகிறோம்.

தாட்சாயணி 1912 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4 ஆம் நாள், கொச்சி சமஸ்தானத்தில், எர்ணாகுளத்தை அடுத்துக் காயலில் அமைந்த முளவுகாடு என்னும் தீவில், புலையர் சமூகத்தில் பிறந்தார். அச்சமூகத்தார் அந்நாளில் பொதுச் சாலையில் நடத்தல் இயலாது. மேல்சாதியார் எதிர்ப்பட்டால் குறித்த தொலைவு விலகி நிற்றல் வேண்டும். பெண்கள் மேலாடை அணிதலும் குற்றமாகக் கருதப்பட்டது. கூட்டம் கூடுவதற்குக் கரையில் இடம் மறுக்கப்பட்டபோது, அவர்கள் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் காயலின் நடுவே மாநாடு கூட்டினர். நிலம் மன்னருக்கு உரியதாயினும் நீரின்மேல் கூடுவதை யார் தடுப்பது? அறிவிற் சிறந்த வழியன்றோ இது! இப்போராட்டங்களில் முன்னின்ற குடும்பம் அம்மையாருடையது. அழகி, சக்கி என்பன போன்ற பெயர்களே வழங்கிய சேரியில், பெண்குழந்தைக்கு அம்பிகையின் பெயரைத் துணிந்து இட்டதும் அக்குடும்பமே.

மேலாடை அணிந்து பள்ளி சென்ற தாட்சாயணி, கொச்சி அரசின் உதவித்தொகையால் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பாடம் வேதியியல். அறிவியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். செய்முறை வகுப்பில் மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார் என்றும், சற்றுத் தொலைவில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். குழாயையும் குடுவையையும் தொட்டுப் பழக வேண்டிய கல்வியைக் கண்ணால் மட்டுமே கற்றல் எத்துணை அரிது என்பதை அறிவியல் மாணவர்கள் நன்கு உணர்வர். எனினும் 1935 இல் அவர் பட்டம் பெற்றார். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட சமூகத்தினின்று பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே என்பர்.

ஆசிரியப் பயிற்சியும் பெற்று, திருச்சூர், திருப்பூணித்துறை அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1945 வரை பணியாற்றினார். இடையே 1940 இல், வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும் உடனிருக்க, ஆர். வேலாயுதனை மணந்தார். தொழுநோயுற்ற ஒருவரே அம்மணத்தை நடத்தி வைத்தார்.

அரசுப் பள்ளி வேலை என்பது அன்றும் இன்றும் நம்மவர்க்குப் பெரும் பாதுகாப்பு. நாமே அதில் காலம் கழித்தவர்; அதைக் குறைத்துக் கூறோம். ஆயினும் அம்மையார் அதனோடு நின்றுவிடவில்லை. 1945 இல் கொச்சி சட்டசபைக்கு நியமனம் பெற்றார். 1946 இல் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினரானார். அதுவும் சென்னை மாகாணத்தின் சார்பில். நம் போடிநாயக்கனூர் அப்போது அம்மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்ததால், அவர் நமக்கும் உறுப்பினர் என உரிமை பாராட்டலாம். அச்சபையில் இருந்த பெண்கள் 15 பேர். அவருள் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் இவர் ஒருவரே. வயது 34. சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில இதழின் நிருவாக ஆசிரியராகவும் அவ்வாண்டுகளில் விளங்கினார்.

வேதியியல் கற்றவருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் 1979 முதல் 1990 வரை பிரதமராயிருந்த மார்கரெட் தாட்சரும் ஆக்ஸ்போர்டில் வேதியியல் பட்டம் பெற்றவரே. அத்துணைத் தொலைவு போவானேன்? நம் ஊரில் ஏலம் விடப்படும் காயையே எடுத்துக்கொள்வோம். உலர்ந்த காயில் ஈரம் எவ்வளவு நின்றது, நிறம் குன்றாதிருக்க எவ்வளவு சூட்டில் உலர்த்துவது, அடித்த மருந்தின் எச்சம் எவ்வளவு தங்கியது என்று கணித்துச் சொல்வது வேதியியல் கற்றவர் பணி. எச்சம் மிகுந்த சரக்கை வாங்கும் நாடுகள் திருப்பிவிடுகின்றன. காய் பறிக்கும் கை நம்முடையது. மருந்து அடிக்கும்போது நச்சுக் காற்றை இழுக்கும் நுரையீரலும் நம்முடையது. சோதித்துச் சான்றளிக்கும் மேசையில் நம் பிள்ளை ஏன் அமரலாகாது? ஸ்பைசஸ் போர்டின் சோதனைக் கூடங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தடய அறிவியல் துறை, வனத்துறை எனப் பல வாயில்கள் உள்ளன. பட்டத்தின் மேல் சட்டம் பயின்று தொழிலாளர் வழக்குகளை நடத்தலாம், இதழியலில் புகலாம். விளம்பரங்களைப் பார்த்து உரிய காலத்தில் விண்ணப்பம் இடுதல் வேண்டும்; இதில்தான் நம்மவர் பிந்துகின்றனர்.

அம்மையார் 1946 டிசம்பர் 19 ஆம் நாள் சபையில் முதன்முதலாகப் பேசினார். 1948 நவம்பரில் வரைவுச் சட்டத்தின்மீது பேசுகையில், அதிகாரம் மத்தியில் குவிவதைக் கண்டித்தார். மத்திய அரசு ஆளுநர்களை நியமிப்பதையும் ஏற்கவில்லை. அம்மாதம் 29 ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு விவாதத்திற்கு வந்தது. பின்னர் அரசியல் சட்டத்தின் 17 ஆம் பிரிவாகிய அதனை அவர் ஆதரித்தார். எனினும், எழுத்தில் உள்ள சட்டத்தைக் காட்டிலும் மக்களின் நடத்தையே அதன் பயனை முடிவு செய்யும் என எச்சரித்தார். சாதி வேற்றுமையைச் சபையே வெளிப்படையாகக் கண்டித்தல் பெரும் பயன் தரும் என்பதும் அவர் கருத்து. அப்பிரிவுக்கு வலுவூட்டும் சட்டம் 1955 இல்தான் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் வந்தது. இவ்விடைவெளிகளைக் காணும்போது அவர் ஐயம் பொருளற்றதன்று என்பது விளங்கும்.

ஒன்றை மறைத்தல் தகாது. தனித்தொகுதி முறையை மட்டுமன்றி, எவ்வகை இட ஒதுக்கீட்டையுமே தாம் விரும்பவில்லை என 1947 ஆகஸ்டில் அவர் சபையில் கூறினார். பொருளாதாரத்தில் அடிமைகளாய் இருக்கும்வரை எந்த ஒதுக்கீடும் பயன் தாராது என்பது அவர் வாதம். அண்ணல் அம்பேத்கர் வழி நிற்கும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. ஒதுக்கீடு இன்றேல் இச்சங்கத்து உறுப்பினருள் பாதிப்பேருக்கு மேல் அரசுப் பணியைக் கண்டிருக்கமாட்டார்கள். அவரும் அரசின் உதவித்தொகையில் படித்தவர்தாமே! ஆனால் பெருந்தலைவர்கள் வீற்றிருந்த அவையில், தம் சமூகத்தின் பெருந்தலைவரோடும் மாறுபட்டுத் தம் மனத்திற்குப் பட்டதைச் சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவை நாம் மதிக்கிறோம்.

1950 முதல் 1952 வரை இடைக்கால நாடாளுமன்றத்தில் கணவரும் மனைவியும் உறுப்பினராய் வீற்றிருந்தனர். பின்னர் ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பில் அவர் பொதுவாழ்வினின்று ஒதுங்கினார். 1971 இல் அடூர் நாடாளுமன்றத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். தோல்விக்குப் பின்னும் ஓயாது, 1977 இல் தில்லியில் மகளிருக்கென மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு, 1978 ஜூலை 20 ஆம் நாள், தம் 66 ஆம் வயதில் காலமானார். மகளிர் மேம்பாட்டிற்கு உழைக்கும் பெண்களுக்கென அவர் பெயரால் ஒரு விருதினைக் கேரள அரசு 2019 இல் அறிவித்தது.